நலமாக இருக்கிறார்

முந்தானையைக் கழுத்தோடு இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையில் டாக்டர் ஆதிகேசவன். எதிரே பத்திரிகைக்காரர்கள். டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒல்லியாக ஓர் இளம்பெண். அவளை ஒட்டினாற்போல் அவளுடைய அம்மா.

"இவங்க பேரு சுகிர்தா. மூச்சுக்குழாய் சுருங்கிப்போச்சு. நாளைக்கு நாங்க செஞ்ச செயற்கைக் குழாயை வைக்கப்போறோம்."

சுகிர்தா சிரித்தாள். கரகரப்பாக இருந்தாலும் சிரிப்புச் சத்தம் வந்தது.

கடைசி வரிசையில் இருந்தவளுக்கும் ஒரு காலத்தில் வந்துகொண்டிருந்ததுதான்.

மீன் ஏலக்கூடத்தில் அவள் ஏலம் கூறினால் கடைசிப் படகில் நிற்பவனுக்கும் கேட்கும். மூச்சுக்குழாய் சுருங்கியபின் குரல் கம்மிப்போனது. கம்மிய குரலிலும் ஏலம் நடந்தது. அவ்வப்போது வந்து குழாயை விரிவாக்கிக்கொண்டால் போதும் என்றார்கள் உள்ளூர் டாக்டர்கள்.

ஆதிகேசவன்தான் புதுக் குழாய் வைத்தார்.

அது உள்ளேயே சீழ்பிடித்தது. வேறோர் ஊரில் அதை அறுத்தெடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். கழுத்தில் ஒரு துவாரம் மிஞ்சியது. மூச்சு அதன் வழியாகப் போய்வந்தது. குரல் போனது போனதுதான்.

ஆதிகேசவனின் மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் அதே குழாயை வைத்துக்கொண்ட லாரி ஓட்டுநர் முத்துவீரன் பிழைக்கவே இல்லை.

வெளிநாட்டு மருத்துவ இதழில் டாக்டர் எழுதிய கட்டுரையை அண்ணன் மகள் தமிழில் சொல்லிக் காட்டினாள். குழாய் வைத்துக்கொண்ட அவள் நலமாக இருக்கிறாளாம்.

முத்துவீரனும் நலமாக இருக்கிறாராம்.

மருத்துவமனைக்குப் புகார் அனுப்பினார்கள். பதில் இல்லை. நாளை இன்னொருத்திக்கு அறுவை சிகிச்சை என்று செய்தி வந்ததும் அவள் கிளம்பிவிட்டாள்.

"போயி என்னத்தப் பேசுவ?" என்று கேட்டான் கணவன். கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மேடையில் ஒரு நிருபர் முந்தைய நோயாளிகளைப் பற்றிக் கேட்டார்.

"அமலோற்பவம்னு ஒரு அம்மா. மீன் ஏலம் கூறுறவங்க. இப்ப திரும்பவும் ஏலம் போடுறாங்க. போன வாரங்கூட எங்கிட்ட போன்ல பேசுனாங்க."

அவள் எழுந்தாள்.

மேடையை நோக்கி நடந்தாள்.

மேடைப் படியில் ஒருவன் குறுக்கே கை நீட்டினான். கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை அவிழ்த்தாள். அவன் கை தானாகத் தாழ்ந்தது.

அமலோற்பவம் டாக்டரைப் பார்க்கவில்லை. ஒலிவாங்கியைத் தொடவில்லை. சுகிர்தாவின் முன்னால் போய் முழங்காலிட்டாள். அந்தப் பெண்ணின் கையை எடுத்துத் தன் கழுத்துத் துவாரத்துக்கு நேரே பிடித்தாள்.

வாயைத் திறந்தாள். படகுத்துறையில் நிற்பதுபோல் மூச்சை முழுக்க இழுத்து, தன் பெயரைச் சொன்னாள்.

சுகிர்தாவின் உள்ளங்கையில் காற்று மட்டும் வந்து மோதியது.

அந்தப் பெண்ணுக்கு உதடுகள் புரிந்தன.

"டாக்டர்," என்றாள், கரகரத்த குரலில். "போன்ல பேசுனது இவங்களா?"

டாக்டர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். குடிக்கவில்லை.

சுகிர்தாவின் அம்மா குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்த துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.