ஜெனோவாவில் இறங்கிய கூடை

டுரினிலிருந்து காலை ரயிலில் ஜெனோவா போனோம். என் கணவர் ருஜ்ஜேரோவுக்கு அந்த ஊர் அதுதான் முதல் தடவை. துறைமுகச் சந்தில் ஃபொக்காச்சா ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது, மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒருத்தி கயிற்றில் கூடையை இறக்கினாள்.

"ருஜ்ஜேரோ! மறுபடியும் சாவிய விட்டுட்டுப் போறியே, புத்திய எங்கடா அடகு வச்ச?"

கூடையில் ஒரு சாவி இருந்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அது யார் வீட்டுச் சாவியோ! எதுக்கு எடுத்தீங்க?"

"எடுக்கலன்னா கத்திட்டே இருப்பா. நீ காப்பியக் குடி, ஓர்னெல்லா."

சாயங்கால ரயிலில் திரும்பினோம். எங்கள் வீட்டுப் பூட்டில் என் சாவி திரும்பவில்லை. அவர் அந்தச் சாவியைப் போட்டார், கதவு திறந்தது. உள்ளே போய் விளக்கைப் போட்டவர், வாசலில் நின்ற என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"கூச்சப்படாம வாங்கம்மா. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க."