கடைக்குட்டியின் சட்டை

அன்று ஆபீஸுக்கு எல்லோரும் சின்ன வயதில் உடுத்திய மாதிரியே வரவேண்டும் என்று ஏற்பாடு. நல்ல வேஷத்துக்குப் பரிசும் உண்டு. ரிசப்ஷனிஸ்ட் இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டியிருந்தாள். கணக்காளர் அரை டிராயர் மாட்டி, கையில் பம்பரத்தோடு வந்தார். கடைசியாக வேலைக்குச் சேர்ந்ததால் 'கடைக்குட்டி' என்று பெயர் வாங்கிய கிளார்க் மட்டும், முழங்காலைத் தொடும் தொளதொளச் சட்டையில் நின்றான்.

"இது சட்டையா, கூடாரமா?" என்றாள் ரிசப்ஷனிஸ்ட்.

"வீட்டுல நாலு பசங்க, நான்தான் கடைசி. புதுச்சட்டைன்னா பெரியண்ணனுக்குத்தான். அது என்கிட்ட வர்றதுக்குள்ள ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு கலர்ல இருக்கும். 'வளர்ந்தா சரியாப் போயிடும்'னு அம்மா சொல்லுவாங்க."

"சரியாப் போச்சா?" என்றார் கணக்காளர்.

"எங்க? நான் வளர்ந்தா அவனும் வளர்ந்தானே!"

எல்லோரும் சிரித்தார்கள். பரிசு இவனுக்குத்தான் என்று கணக்காளர் அடித்துச் சொன்னார்.

பரிசு கொடுக்க மேனேஜர் வந்தார். ஆள் மலை மாதிரி. கடைக்குட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தச் சட்டை ஏது?"

"பீரோவுல இருந்துச்சு, சார்."

மேனேஜர் அவன் காலருக்குள் கைவிட்டு, பிய்க்காத விலைச்சீட்டை வெளியே இழுத்தார்.

"காலையிலேர்ந்து வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டேன்டா! இன்னைக்குப் போடணும்னு எடுத்து வச்ச புதுச்சட்டை!"

ரிசப்ஷனிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்குட்டி அசரவில்லை. சரிந்த கையை இன்னொரு மடிப்பு ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"நாளைக்குத் துவைச்சுத் தந்துடறேன், பெரியண்ணா. இந்தத் தடவை என் பழசை நீ போட்டுக்கோ."