நின்றால் வாரண்டி உண்டு

காய்ச்சலில் மகன் செத்துப்போன பிறகு அவனுடைய கம்ப்யூட்டரை விற்றுவிட்டோம். வாங்கியவர் மறுநாளே கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒயர் ஏதும் இல்லாமல் அதன்மேல் இருந்த சின்ன ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு மகன் அறையில் உட்கார்ந்த என் மனைவி, சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

அவள் அசந்த நேரம் பார்த்து அதை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன்.

"என்ன கம்ப்ளைன்ட் சார்?" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"கரன்ட் இல்லாமலே ஓடுது. நிறுத்திக் கொடுத்தா போதும்."

"ஓடலைன்னாதான் சார் நாங்க பார்ப்போம். ஓடுறதுல என்ன குறை? நின்னுட்டா கொண்டு வாங்க, புதுசே தந்துடுறோம். தண்ணி மட்டும் படக் கூடாது. பட்டா வாரண்டி போயிடும்."

புதுசே தந்துவிடுவார்களாம்.

வீட்டு வாசலிலேயே மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "இப்படிச் சுடுது. இதைப் போய் வெயில்ல தூக்கிட்டு அலைஞ்சீங்களா?" என்றாள். மகனின் கட்டிலில் அதைக் கிடத்தினாள். துணியை நனைத்துப் பிழிந்து மேலே போட்டாள்.

வாரண்டி போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஈரத்துணி மெல்ல ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.