ரேகை பதியாத ஊர்

“என்னங்க இது, விரல்ல?”

அருள்ராஜின் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார் சோமசேகரன். ரெசின் வாடை குப்பென்று அடித்தது. பைபர் படகில் விரிசல் விழுந்தால் பூசி அடைக்கிற பசை அது. பத்து விரல் நுனியிலும் காய்ந்து பளபளத்தது.

“படகு வேலைங்க சார். ஒட்டிக்கிச்சு.”

“பத்து விரல்லயும் அளவெடுத்து ஒட்டிக்கிச்சா?”

அருள்ராஜ் கூரையைப் பார்த்தார்.

மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம், கடலுக்குப் போகிற எல்லோருக்கும் கைரேகை அட்டை என்று உத்தரவு. கிளிஞ்சல்மேடு சமுதாயக் கூடத்தில் லேப்டாப்பும் ரேகை மிஷினுமாக சோமசேகரன் உட்கார்ந்து இன்றோடு இரண்டாம் நாள். ரேகை பதிந்தால் அட்டை. பதியாவிட்டால் தனிப் பட்டியல். அதில் பெயர் ஏறியவர், கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் முதலில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

“தனிப் பட்டியல்ல போட்டுருவேன். தெரியும்ல?”

“போட்டுக்குங்க சார்.”

சோமசேகரனுக்குச் சுருக்கென்றது. எந்த மனுஷனாவது வலியப் போய் போலீஸ் பட்டியலில் பெயர் கொடுப்பானா? கொடுக்கிறான் என்றால், மறைக்க அதைவிடப் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினார்.

அடுத்து வந்த மாரிக்கண்ணுவின் விரலிலும் அதே வாடை.

“நேத்து உங்க ஊர்க்காரங்க ஒழுங்காத்தானே ரேகை வச்சாங்க?”

“அது நேத்துங்க சார்” என்றார் மாரிக்கண்ணு.

அவருக்குப் பின்னால் வந்தவரும் ரெசின்தான். பதினோரு மணிக்குள் நாற்பத்தொரு பேர். மிஷின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து சோமசேகரனின் கைக்குட்டை அப்பளமாய் விறைத்துப் போனது.

போனை எடுத்தார்.

“மேடம், இந்த ஊர்ல என்னமோ நடக்குது. கடத்தலோ என்ன எழவோ. எல்லாரும் சேர்ந்து ரேகையை மறைக்கிறாங்க. நீங்க உடனே வாங்க.”

அரை மணியில் ஜீப் வந்தது. மீன்வளத் துறை அதிகாரி தமிழரசி இறங்கினார். அதட்டாமலே பயமுறுத்தும் ரகம். பட்டியலை வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்தார்.

“முதல் பேரு தர்மலிங்கம். இவரும் ரெசினா?”

“இல்லை மேடம். அவர் நேத்தே வந்தவர். சோப்பு போட்டுக் கழுவியும் பார்த்தாச்சு. நிஜமாவே பதியலை. நேத்து அவர் ஒருத்தர்தான்.”

“கூப்பிடுங்க அவரை.”

வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்த தர்மலிங்கம் உள்ளே வந்தார். அறுபதை நெருங்கும் வயசு. கையை விரித்துக் காட்டினார். நாற்பது வருஷம் தூண்டில் கயிறு இழுத்ததில் விரலில் ஒரு கோடு மிச்சமில்லை. உழைத்துத் தேய்ந்த கையைச் சந்தேகக் கை என்று எழுதி வைத்திருக்கிறோமே என்று தமிழரசிக்குச் சங்கடமாக இருந்தது.

“இன்னைக்குக் கடலுக்குப் போகலையா?”

“எப்படிங்க போறது? படகு விடிய மூணு மணிக்கு இறங்கிடும். ஸ்டேஷன்ல கையெழுத்து வாங்குறவர் பத்து மணிக்குத்தான் வருவாராம். எனக்கு இனிமே கரைதாங்க மேடம்.”

தமிழரசி வரிசைப் பக்கம் திரும்பினார்.

“ரெசின் யோசனை யாரோடது?”

அருள்ராஜ் முன்னால் வந்தார்.

“என்னோடதுதாங்க. அந்த லிஸ்ட்டுல ஒருத்தர் பேரு மட்டும் இருந்தா, கடல்ல எது நடந்தாலும் அவரைத்தான் தேடி வருவாங்க. ஊரே இருந்தா யாரைன்னு தேடுவாங்க? எங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கணும்னா, விடிய மூணு மணிக்கு ஸ்டேஷனே கரைக்கு வரட்டும்.”

“அவர் பேரை லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துருங்கன்னு நேரா வந்து கேட்டிருக்கலாமே?”

“ஏத்துறதுக்கு சார் இருக்கார். இறக்குறதுக்கு யாருங்க இருக்கா?”

அந்தக் கேள்விக்கு உத்தரவில் பதில் இல்லை என்பது தமிழரசிக்குத் தெரியும். சோமசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். காலையிலிருந்து மனசுக்குள் இவர்களுக்கு என்னென்ன பட்டம் கொடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

தமிழரசி பட்டியலை மடித்துத் தன் பைக்குள் வைத்தார்.

“இது என்கிட்ட இருக்கட்டும். ரேகை தேஞ்சவங்களுக்குப் போட்டோவும் ஊர்ப் பஞ்சாயத்துக் கடிதமும் போதும்னு இன்னைக்கே மேலிடத்துக்கு எழுதுறேன். பதில் வர்ற வரைக்கும் தர்மலிங்கம் வழக்கம்போல கடலுக்குப் போகட்டும். யாராவது கேட்டா என் பேரைச் சொல்லுங்க. மத்தவங்க போய் விரலைச் சுரண்டிட்டு வந்து ஒழுங்கா ரேகை வைங்க. சோமசேகரன், முதல்ல இவருக்குப் போட்டோ எடுங்க.”

தர்மலிங்கம் தலையைக் கையாலேயே படிய வாரிக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. இன்னொரு தரம் எடுக்கலாமா என்று கேட்ட சோமசேகரனிடம், இதுவே இருக்கட்டும் என்றார்.

ஜீப்பில் ஏறப்போன தமிழரசி, வெளியே நின்ற அருள்ராஜைப் பார்த்துக் கேட்டார்.

“தர்மலிங்கம் உங்களுக்குச் சொந்தமா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

“இல்லைங்க மேடம். அவரு என் வலையைத் திருடிட்டாருன்னு கேஸ் போட்டிருக்கேன். மூணு வருஷமா கோர்ட்டுல நடக்குது. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.”

“அப்புறம் எதுக்கு அவருக்காக இவ்வளவும்?”

அருள்ராஜ் விரல் நுனியிலிருந்த ரெசினை உரித்தபடியே சொன்னார்.

“அவரைத் திருடன்னு நான் சொல்லலாம் மேடம், என்கிட்ட சாட்சி இருக்கு. இந்த மிஷின் எதை வச்சுச் சொல்லுது?”