அக்காவின் அழைப்பு

விருதுநகரில் ஓர் ஆய்வகம், 2007. செல்போன் கதிர்வீச்சு தலைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று உப்புநீர் நிரப்பிய பொம்மைத் தலையில் அளந்து, அதைக் குறைக்க ஆன்டெனாவைத் திருத்துவது புகழேந்தியின் வேலை.

பட்டாசு ஆலைக்குள் போனுக்குத் தடை. அங்கே வேலைபார்த்த அவன் அக்கா ரோஜா, போன மாதம் ஆலை வாசலுக்கு வந்து அவனைப் போனில் அழைத்தாள். அளவெடுக்கும் மும்முரத்தில் அவன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வாசலிலேயே நின்றிருப்பாள். உள்ளே திரும்பிப் போனாள், ஆலை வெடித்தது.

இன்று மூன்று பத்துக்கு, அவள் அழைத்த அதே நேரத்தில், பொம்மையின் காதில் வைத்திருந்த போனுக்கு, அளவுக்கருவியில் கதிர்வீச்சு எண் ஏறியது.

“பேட்டரியே போடலையேலே, பின்ன எப்படி ஏறுது?” என்றான் உடன் வேலைபார்க்கும் சாபிர்.

புகழேந்தி அந்தக் காதருகே குனிந்தான்.

“எடுத்துட்டேன்க்கா. உள்ள போகாத, பேசிக்கிட்டே இரு.”

எண் இறங்கவில்லை. ஆறு மணிக்குச் சாபிர் கிளம்பியபோதும் புகழேந்தி குனிந்தபடியே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தான்.