பச்சை விளக்கு

"ஐயோ, அதை ஏன் மறுபடியும் சூளைக்கு அனுப்புறீங்க?"

மதிவாணன் பதறினான். அவன் இருந்தது சென்னையில். சரக்குப் பெட்டிகளை அனுப்ப அவன் எழுதிய சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாசுகி இருந்தது விருத்தாசலத்தில், ஒரு செராமிக் கம்பெனியின் ஆபீஸ் அறையில். அவளுடைய கம்ப்யூட்டர் திரை அப்படியே அவன் திரையில் தெரிந்தது. பேச்சு போனில்.

நாளை வெளியீடு. "கம்ப்யூட்டர் படிக்காத ஒருத்தர் தடுமாறாம ஓட்டிக் காட்டணும். இல்லேன்னா இதோட மூட்டை கட்டிடலாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒன்றரை வருட உழைப்பு.

ஆனால் போனில் வந்த சத்தம் அவனை எங்கோ இழுத்துக்கொண்டு போனது. சுட்ட அகல் விளக்குகளை விரலால் தட்டிப் பார்த்து, நல்லது கெட்டது பிரிப்பது வாசுகியின் வேலை. இப்போதும் பேச்சுக்கு நடுவே ஒன்றை எடுத்துத் தட்டினாள். ணங்ங்... அவன் பார்த்தேயிராத அந்த ஊர் முழுக்க அந்த ஓசை மிதப்பது போல ஒரு மயக்கம். வெளியீடாவது ஒன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"கேட்டீங்களா சார்? இது வெந்தது. வேகாததுன்னா சொத்துன்னு கேக்கும்."

"அதெல்லாம் சரிங்க. இந்தப் பெட்டியைச் செக் பண்ணியாச்சு, லாரியில ஏத்தலாம். நீங்க திருப்பி அனுப்பிட்டீங்களே?"

"பச்சைன்னு சொல்லுதே சார். பச்சைய யாராவது லாரியில ஏத்துவாங்களா?"

"பச்சைன்னா போகலாம்னு அர்த்தம்ங்க."

"அது உங்க ஊரு சிக்னல்ல. இங்க பச்சைன்னா இன்னும் சுடாத மண்ணு. தண்ணி பட்டா கரைஞ்சுடும். எங்க வூட்டு நண்டுசிண்டுக்குக் கூடத் தெரியும்."

மதிவாணன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு முப்பது கம்பெனிக்குப் போயிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். காப்பாத்திட்டீங்க. அந்த வார்த்தைய 'அனுப்பலாம்'னு மாத்திடறேன்."

"மாத்துங்க சார். மத்ததெல்லாம் தண்ணியா ஓடுது."

அவனுக்கு உயிர் வந்தது. மாற்றுவதற்காக அந்த வார்த்தையைத் திரையில் தேடினான். மேலே, கீழே, எங்கேயும் இல்லை. பெட்டி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வட்டம், அவ்வளவுதான். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. ஒரு மணி நேரமாக அவளுடைய மவுஸ் அம்பு இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

"வாசுகி, பச்சைன்னு எங்கேயும் எழுதலையே? வெறும் வட்டந்தானே இருக்குது?"

"வட்டமா?" அவள் கலகலவென்று சிரித்தாள். "எனக்குப் பொறந்ததுலேருந்தே கண்ணு தெரியாது சார். இந்தக் கம்ப்யூட்டரு அந்த வட்டத்த என் காதுல 'பச்சை'ன்னுல்ல படிச்சுக் காட்டுது!"