அமுங்கிய பொத்தான்

"எந்த மடையன்யா இது, பொத்தானை அமுக்கிக்கிட்டே உக்காந்திருக்கான்!"

துறைமுக ரேடியோ அறையில் ஆபரேட்டர் மேஜையை ஓங்கிக் குத்தினார். சுவரில் இருந்த ஸ்பீக்கரோ, தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல மங்கலாகக் கிரிக்கெட் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தது.

பதினாறாம் சேனல் கடலில் இருப்பவர்கள் கூப்பிடவும், ஆபத்தென்றால் அலறவும் மட்டுமே. மற்ற அரட்டையெல்லாம் வேறு சேனலில்தான். அந்தப் பதினாறில் யாரோ ஒரு புண்ணியவானின் கையடக்க ரேடியோவில் பேசும் பொத்தான் அமுங்கிக் கிடந்தது. அவர் வீட்டுச் சத்தம் மொத்தமும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வேறு நாளாக இருந்தால் ஆபரேட்டர் சிரித்திருப்பார். ஆனால் சற்று முன்தான் அதே ஸ்பீக்கரில் ஒரு குரல் உதவி கேட்டுப் பதறியது. "மேடே, மேடே, மேடே! நீலக்குருவி படகு! தண்ணி உள்ள வந்துடுச்சு, ரெண்டு பேர் இருக்கோம்! நாங்க இருக்கிற இடம்..."

அதற்குமேல் கேட்டது குக்கர் விசில்.

"கிட்டத்துல இருக்கிற ரேடியோ செட்டு சார், அதான் தூரத்துப் படகை முழுங்கிடுது" என்றார் உதவி ஆபரேட்டர். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் அவரை எல்லோரும் 'கண்ணாடி' என்றே கூப்பிடுவார்கள். "அந்த ஆளை நிறுத்தச் சொல்லிப் பார்ப்போமா?"

"எப்படிய்யா சொல்றது? பொத்தான் அமுங்கியிருக்கிற வரைக்கும் அந்த செட்டுக்குக் காது கேக்காது."

"நீலக்குருவியையாவது வேற சேனலுக்கு வரச் சொல்லி..."

"தொண்டை கிழியக் கத்தியாச்சு. எல்லா சேனலையும் திருப்பிப் பார்த்தாச்சு, பதிலே இல்லை. முழுகப் போற பதற்றத்துல எதைன்னு திருகுவாங்க, பாவம்!"

கண்ணாடி தயங்கினார். "நம்ம செட்டு ரெண்டும் சரியா இருக்கா சார்?"

"ஒண்ணு உங்க இடுப்புல தொங்குது. இன்னொண்ணு என் பையில கிடக்குது. இப்ப இதுவாய்யா கேள்வி? படகுத்துறைக்கும் படகுக்காரங்க வீட்டுக்கும் ஓடுங்க. செட்டு வச்சிருக்கிற ஒருத்தனையும் விடாம பார்த்துட்டு வாங்க!"

கண்ணாடி ஓடினார். போன் அடித்தது. மீட்புப் படகின் கேப்டன்.

"சார், இது கடலா குளமா? எங்கேன்னு போய்த் தேடறது? ஒரு திசையாவது சொல்லுங்க."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? தேடுங்க கேப்டன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

ஸ்பீக்கரில் யாரோ இருமினார். மறுபடி கிரிக்கெட். ஆபரேட்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

காத்திருந்த நேரத்தில் காலையில் நடந்தது நினைவுக்கு வந்து நெஞ்சை அறுத்தது. வேலைக்குக் கிளம்பப் பையை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி கேட்டாள், "ஊர்லேருந்து எங்கப்பா வந்திருக்கார். இன்னிக்காவது லீவு போட்டு அவர் பக்கத்துல உக்காந்து பேசக் கூடாதா?"

அதில் என்ன தப்பு? இவருக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். "என் வேலையைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்? நான் ஒருத்தன் போகலைன்னா கடல்ல உசுரு போயிடும்!" என்று கத்தி, கையில் இருந்ததைச் சோபாவில் வீசியெறிந்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவள் கண் கலங்கியதைப் பார்த்தும் பார்க்காதது போல வந்தார். பெரிய வீரன்!

கண்ணாடி மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "எல்லார் செட்டையும் பார்த்துட்டேன் சார். ஒருத்தர் மேலயும் தப்பில்லை."

அப்போது மறுபடி போன். கேப்டனின் குரல் இறங்கியிருந்தது.

"படகு கவுந்து கிடந்துச்சு சார். ஒருத்தரைக் காப்பாத்திட்டோம்."

"இன்னொருத்தர்?"

"அவரும் கிடைச்சார்... உசுரு இல்லை. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பிழைச்சிருப்பார். பிழைச்சவர், செத்துப்போன அண்ணனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறார் சார், பார்க்க முடியலை. இடத்தை நாலு தடவை சொன்னோமே, ஏன் வரலைன்னு கேக்கறார். நான் என்னத்தைச் சொல்ல?"

ஆபரேட்டர் போனை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும்..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. திட்டவும் தெம்பில்லை.

"வீட்டுக்கு ஒரு போன் போடுங்க சார்" என்றார் கண்ணாடி மெதுவாக. "யார்கிட்டயாவது பேசினா மனசு கொஞ்சம் ஆறும்."

ஆமாம், பேச வேண்டும். காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்றைக்காவது மாமனார் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். ஆபரேட்டர் மனைவியின் எண்ணை அழுத்தினார்.

ரிங் போனது. ஸ்பீக்கரில், கிரிக்கெட் வர்ணனைக்கு நடுவே, எங்கோ ஒரு போன் அடித்தது. கண்ணாடி சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்க, கோபம் தணிஞ்சுதா?" என்றாள் மனைவி, அவர் காதிலும், சுவரில் இருந்த ஸ்பீக்கரிலும்.